நல்ல கண்ணில் ஒட்டு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் பாக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜீன்ஸ் பேன்ட்டின் பின்பக்கப் பாக்கெட்டைத் தைப்பது அவள் வேலை. வெட்டிய துணி இடதுகைப் பக்கம் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக இழுத்து, ஓரம் மடித்து, பேன்ட்டின் மேல் வைத்து, ஒரே ஓட்டத்தில் சுற்றித் தைத்து அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவாள். அவளுக்கு அடுத்து உட்காருகிறவர்கள், இந்த அக்கா நம்மை மூச்சுவிட விடமாட்டாள் என்று புலம்புவார்கள். அதைக் கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாகத் தைப்பாள்.

கணவன் டெலிவரி வேன் ஓட்டினான். விடியும் முன்னால் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். ஒரே மகள், ஐந்து வயது. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு பேசுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

பாக்கெட்டின் மூலையில் துணி பல மடிப்பாகச் சேரும். ஊசிக்கு அந்த இடம் எப்போதுமே கஷ்டம். மெஷினின் முன்னால் கண்ணைக் காப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு உண்டு. அது இருந்தால் மூலை சரியாகத் தெரிவதில்லை என்று லைனில் பாதிப்பேர் அதை மேலே தூக்கி விட்டிருந்தார்கள். சூப்பர்வைசரும் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவான். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கனமான துணி வந்திருந்தது. மூலையில் திருப்பும்போது ஊசி முறிந்து, முறிந்த முனை அவளுடைய வலது கண்ணுக்குள் போய்விட்டது. யாரோ வெந்நீரைக் கன்னத்தில் ஊற்றியதுபோல் இருந்தது அவளுக்கு. பழக்கத்தில் கை முதலில் போனது மெஷினின் சுவிட்சுக்குத்தான்.

கண்ணைப் பொத்திக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். அந்தப் பெரிய ஹாலில் விளக்குகள் இருந்தன, ஆட்கள் எழுந்து ஓடிவந்தார்கள், ஆனால் எதற்கும் ஓரம் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருந்தது. இடது கண்ணிலும் ஏதோ தெறித்திருக்கிறது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பெண்ணிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே விழித்திரை கிழிந்து சுருண்டுவிட்டது, பார்வை திரும்பாது என்று ஆபரேஷன் செய்தவர் கணவனிடம் சொன்னார். கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். உள்ளே வந்து அவளிடம், இன்னொரு கண் இருக்கிறதே, உலகத்தில் எத்தனையோ பேர் ஒரு கண்ணோடு வாழ்கிறார்கள் என்றான். அவளும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த இன்னொரு கண்ணைப் பரிசோதித்தது வேறொரு டாக்டர். நடுவயதுப் பெண்மணி. சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். பாக்கெட்டக்காவுக்கு மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டு நின்றன. டாக்டர் ஒரு சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஊசி இந்தக் கண்ணிலும் பட்டுவிட்டதா என்று கேட்டாள்.

"இது இப்ப வந்ததில்லம்மா. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு" என்றார் டாக்டர். "இந்தக் கண்ணுல பவர் ரொம்ப அதிகம். ரெண்டு கண்ணும் மூளைக்கு ஆளுக்கொரு படம் அனுப்பும். ஒண்ணு தெளிவா வந்து இன்னொண்ணு மங்கலா வந்தா, மூளை தெளிவா இருக்கிறத எடுத்துக்கிட்டு மத்ததைத் தள்ளிடும். தள்ளித் தள்ளியே அந்தக் கண்ணால பார்க்க மூளை கத்துக்காமப் போயிடும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவாங்க."

பாக்கெட்டக்கா அந்த வார்த்தையில் நின்றுவிட்டாள். தன்னை ஒரு நாளும் யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை என்றாள். டாக்டர் அது மோசமான பெயர்தான், கண்ணின் மேல் தப்பே இல்லை என்று ஒப்புக்கொண்டார். சின்ன வயதிலேயே யாராவது ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். மாறுகண் இருந்தால் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மாதிரி வெளியே ஒன்றும் தெரியாத கண்ணை யாரும் கவனிப்பதில்லை.

கண்ணாடி போட்டால் சரியாகாதா என்று கணவன் கேட்டான். கண்ணாடி தெளிவான படத்தை உள்ளே அனுப்பும், அதை வாங்கிப் படிக்கத்தான் மூளைக்குத் தெரியாது என்றார் டாக்டர். குழந்தையாக இருக்கும்போது நல்ல கண்ணை மூடிவைத்து இதைப் பழக்கலாம். பெரியவர்களுக்குக் கடினம். நல்ல கண் போன பிறகு சிலருக்கு இந்தக் கண் மெதுவாகக் கொஞ்சம் தேறும். மாதக்கணக்கில் ஆகும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது.

"அப்போ எனக்குத் தனியா மூடிவைக்க வேண்டியதில்ல" என்றாள் பாக்கெட்டக்கா. "ஊசியே மூடி வெச்சிடுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தைகள் உண்டா என்று கேட்டார். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு, அதனால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தபின் படுக்கையில் கிடந்தபடி அவள் பழையதை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே சிந்துவது, படியில் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவிப் பார்ப்பது, யாராவது சாவியைத் தூக்கிப் போட்டால் நெஞ்சில் வாங்கிக்கொள்வது. கை நிதானம் இல்லாதவள் என்று அம்மா திட்டுவாள். மெஷினில் மட்டும் அந்தக் குறை இருந்ததில்லை, ஏனென்றால் துணியை அவள் விரலால் பார்த்தாள். இத்தனை வருடம் ஒற்றைக் கண்ணோடுதான் இருந்திருக்கிறாள். அது அவளுக்கே தெரியாது.

வாலுவைக் கூட்டிப்போனார்கள். படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு வேறொரு அட்டை இருந்தது. மூன்று கால் உள்ள ஒரே எழுத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பி நிற்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று குழந்தை கையால் காட்ட வேண்டும். இடது கண்ணை மூடியபோது வாலு விளையாட்டாகக் காட்டினாள். டாக்டர் கேட்கும் முன்னாலேயே கை போனது. பாக்கெட்டக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மகளின் கை தெரியவில்லை. டாக்டர் "சரி, சரி, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே போவதை மட்டும் கேட்டாள். பிறகு வலது கண்ணை மூடினார்கள். சத்தம் நின்றது. வாலு தலையைத் திருப்பி மறைப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள், டாக்டரின் கையைத் தள்ளினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். "சரி" என்று டாக்டர் சொல்லவே இல்லை.

அதே இடது கண். ஆனால் வயது ஐந்து. நேரம் இருக்கிறது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதலில் சில வாரம் கண்ணாடி மட்டும் போட்டார்கள். பிறகு ஒட்டு. தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில், பின்பக்கம் பசை உள்ள துணி. நல்ல கண்ணின் மேல் ஒட்டிவிட்டு, அதன் மேல் கண்ணாடியை மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் படம் வரைவது, மணி கோப்பது மாதிரி கிட்டத்து வேலையாகக் கொடுக்க வேண்டும்.

"தினம் ரெண்டு மணி நேரம்" என்றார் டாக்டர். "குறைக்காதீங்க. கூட்டவும் வேணாம். சொன்ன தேதிக்குக் கூட்டிட்டு வாங்க. நல்ல கண்ணையும் நான் பார்க்கணும்."

நல்ல கண்ணை எதற்குப் பார்க்க வேண்டும் என்று பாக்கெட்டக்கா கேட்கவில்லை. அவளுடைய நினைப்பெல்லாம் மற்றக் கண்ணில் இருந்தது.

தொழிற்சாலையில் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மெஷினில் உட்காரவிடவில்லை. தைத்து முடிந்த பேன்ட்டில் தொங்கும் நூலை வெட்டும் மேஜையில் நிறுத்தினார்கள். நூலும் தையலும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன. தடவித் தடவி வெட்டினாள். சில நாள் கழித்து, பக்கத்தில் நின்ற பெண் தன்னுடைய குவியலை முடித்துவிட்டு அவளுடையதை எடுத்து மறுபடி வெட்டுகிறாள் என்று தெரிந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் பாக்கெட்டக்கா ஒரு பேன்ட்டின் பாக்கெட்டையே பாதி அறுத்துவிட்டாள். சூப்பர்வைசர் திட்டவில்லை. "நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருங்கக்கா" என்று மரியாதையாகச் சொன்னான். அவள் மெஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளையும் பாக்கெட்டக்கா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாலுவின் கண் மட்டும்தான் வேலை.

முதல் சில வாரங்கள் ஒவ்வொரு நாளும் சண்டை. ஒட்டைக் கண்டதும் வாலு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுத்து வந்து ஒட்டினால் கத்துவாள். ஒன்றும் தெரியவில்லை என்பாள். இருட்டாக இருக்கிறதா என்று மற்றவர்கள் கேட்பார்கள். இருட்டு இல்லை என்று பாக்கெட்டக்காவுக்குத்தான் தெரியும். வெளிச்சம் இருக்கும், நிறம் இருக்கும். எதிரில் ஆள் நிற்பது தெரியும். முகத்தைத் தேடினால் கிடைக்காது. அம்மாவும் மகளும் ஒரே அறையில், ஒரே மாதிரி, இடது கண்ணால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் வளர்ந்து ஏதோ ஒரு மெஷின் முன்னால், ஏதோ ஒரு ரோட்டில், கண் மூடித் திறப்பதற்குள் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வாள் என்ற நினைப்பு வந்தால் எழுந்து போய் ஒட்டின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்திவிடுவாள்.

முதல் பரிசோதனைக்குப் போனபோது வாலு கூடுதலாக இரண்டு வரிசை காட்டினாள். நல்ல முன்னேற்றம், இதே மாதிரி தொடருங்கள், மறுபடி ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் பாக்கெட்டக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவ்வளவு நேரத்துக்கே இவ்வளவு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் என்ன? அவள் வாழ்க்கையில் எதுவும் சொன்ன நேரம் மட்டும் வேலை செய்து நடந்ததில்லை. கூடுதலாக உழைத்துத்தான் நடந்தது.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டார்கள். இரண்டு மணி நேரம் மதியச் சாப்பாடு வரைக்கும் நீண்டது. பிறகு விளக்கு போடும் வரைக்கும். பிறகு, வாலு கண்விழித்ததும் ஒட்டி, தூங்கப் போகும்போது உரிப்பது என்று ஆகிவிட்டது. கணவன் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டாக்டர் சொன்ன கணக்கு நடந்தது. அப்பாவிடம் சொல்லாதே, சீக்கிரம் சரியாகிவிடும், பிறகு இதை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று மகளிடம் சொல்லிவைத்தாள்.

வாலு பிய்த்தெறிவாள். கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து வெடித்தது. அதன் மேலேயே எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். ஒரு நாள் காலையில் மூன்று தடவை பிய்த்தபோது பாக்கெட்டக்கா அவள் இரண்டு கைகளிலும் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் டேப் சுற்றினாள். வாலு அந்தக் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு பிய்ப்பதை விட்டுவிட்டாள்.

குழந்தை பழகிவிட்டாள் என்று பாக்கெட்டக்கா நினைத்தாள். வாலு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் தடவிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளை ரொம்பச் சாதுவாகிவிட்டதே என்றார்கள். அதையும் அவள் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பரிசோதனைத் தேதி வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ஒரேயடியாகக் கீழ் வரிசை வரைக்கும் காட்டவைத்து டாக்டரை அசத்திவிடலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியிலேயே தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று கணவனிடம் சொன்னாள். அவன் நம்பினான். அவள் வீட்டில் சும்மா இருந்து மனசு உடைந்துவிடுவாளோ என்ற பயத்தில் இருந்தவன், மகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நிம்மதியாக இருந்தான்.

பள்ளி திறக்கும் நேரம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒட்டை எடுத்தாகிவிட்டது. கணவன் வாலுவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். தெருக்கோடியில் ஒரு கிரேன் கம்பிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அங்கே பார் என்றான். எங்கே என்றாள் வாலு. அவன் விரலை நீட்டிக் காட்டினான். அவள் தலையைச் சாய்த்து, விரலையே பார்த்தாள். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு உள்ளே போய் படப் புத்தகத்தைக் கொடுத்தான். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கண்ணாடியும் போட்டிருக்க, அவள் புத்தகத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோனாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாக்கெட்டக்கா வழியெல்லாம், இடது கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கத்தானே போகிறாய், பார் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இடது கண் தேறித்தான் இருந்தது. வாலு முன்பு காட்டாத வரிசைகளையெல்லாம் காட்டினாள். பாக்கெட்டக்கா கணவனின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு டாக்டர் இடது கண்ணை மூடி வலதைப் பார்க்க ஆரம்பித்தார். மேல் வரிசைகளில் "சரி" என்ற சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. மூக்குச் சட்டத்தில் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். கடைசியாகத் தன் நாற்காலியை இழுத்துப் பாக்கெட்டக்காவின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை மணி நேரம்மா ஒட்டினீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான்."

வாலு அப்பாவின் மடியில் இருந்தாள். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற முகத்தோடு சொன்னாள்: "தூங்கும்போது மட்டும் எடுப்பாங்க. அப்பா இருக்கிற அன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம்."

கணவன் மனைவியைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை; தெரியாமல் இருந்ததே நல்லது என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. மூடின கண்ணையும் மூளை மறந்துவிடும் என்றார். சின்ன வயதில் அது சீக்கிரம் கற்றுக்கொள்ளும், அதே வேகத்தில் மறக்கவும் செய்யும். இப்போது வலது கண் இடதை விடப் பின்னால் போய்விட்டது. ஒட்டை இன்றிலிருந்து நிறுத்த வேண்டும். கண்ணாடி மட்டும் போதும்.

"திரும்பி வந்துடுமா?" என்று கணவன் கேட்டான்.

"பெரும்பாலும் வந்துடும். சொன்ன தேதிக்கே வந்திருந்தா நானும் பயப்படாம சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். "பார்ப்போம்."

வேனில் வாலு நடுவில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து மகளைப் படுக்கவைத்துவிட்டு, அலமாரியில் இருந்த ஒட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

"இனிமே அவ முகத்துல உன் கை படக் கூடாது" என்றான்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினாள். "ஒரு கண்ணு போனப்பதான் எனக்கு இன்னொண்ணு இல்லன்னே தெரிஞ்சுதுங்க. அவளுக்கு அப்படி ஒரு நாள் வந்துடக் கூடாதுன்னுதான்..."

"அந்த நாளை நீயே கொண்டு வந்துட்டியே."

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தானோ என்னவோ, எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் மகளின் துணிகளை ஒரு பையில் போட்டு, வாலுவைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். பள்ளிக்கு அங்கிருந்தே போகட்டும் என்றான். பாக்கெட்டக்கா தடுக்கவில்லை. தடுத்துப் பேசத் தனக்கு வாய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் தனியாக இருந்த அந்தக் காலத்தில் அவள் இடது கண் தேறத் தொடங்கியது. அவள் கேட்காமல், எதுவும் செய்யாமல், தானாகவே. ஒரு நாள் காலையில் எதிர் வீட்டு ஜன்னலின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு கிட்டத்தில் வரும் பஸ்ஸின் நம்பர். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. தன் மகளிடமிருந்து திருடி எடுத்ததுபோல் இருந்தது. அப்படி இல்லை, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் அந்த நினைப்பு போகவில்லை. ஊசி பட்ட அவளுடைய வலது கண் சுருங்கிக்கொண்டே வந்தது. அதற்கு மேல் போட ஒரு செயற்கைக் கண் செய்து கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் நடக்காத முகம் மாதிரி இருந்தது.

ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெரிய விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். மூலையை அவள் விரல் கண்டுபிடித்துக்கொள்ளும். அங்கே யாரும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை.

வாலுவின் பரிசோதனைகளுக்குக் கணவன்தான் கூட்டிப்போனான். வந்து சொல்லுவான், சுருக்கமாக. ஒரு வரிசை ஏறியிருக்கு. அடுத்த தடவை, அப்படியே இருக்கு. அதற்கடுத்த தடவை, இன்னும் ஒரு வரிசை. வருடம் முடியும்போது வலது கண் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கடைசி வரிசை மட்டும் வரவில்லை. அது வாலு முன்பு சிரித்துக்கொண்டே காட்டிய வரிசை. இனி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. அதற்குள் இடது கண் மறுபடி நழுவ ஆரம்பித்திருந்தது. மறுபடி ஒட்ட வேண்டும், இந்தத் தடவை குறைந்த நேரம், அடிக்கடி பரிசோதனை என்றார்.

பிள்ளை இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று கணவன் வாலுவைத் திரும்பக் கூட்டிவந்தான். உயரமாகியிருந்தாள். பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் அத்தை வீட்டுப் பேச்சு. அப்பாவிடம் பேசினாள், அம்மாவுக்குப் பதில் சொன்னாள். தலை வாரும்போது பின்பக்கம் காட்டுவாள். நெற்றி முடியை ஒதுக்க அம்மாவின் கை முன்னால் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரிந்ததால்தான் பாக்கெட்டக்காவால் தாங்க முடியவில்லை.

ஒட்டு போடுவது அப்பாவின் வேலை என்று பேசி முடிவானது. ஆனால் வேன் ஓட்டுகிறவன் மாலையில் எங்கே வீட்டில் இருப்பான்? இரண்டு நாள் தவறியது. மூன்றாவது நாள் பள்ளியிலிருந்து வந்த வாலு, பையை இறக்கிவைத்துவிட்டு, பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"நானே ஒட்டிக்குவேன். நீ கைய பின்னாடி வெச்சுக்கோ" என்றாள்.

பாக்கெட்டக்கா சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வாலு அம்மாவின் கைகள் அங்கேயே இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு காகிதத்தை உரித்து, சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று ஒட்டினாள். கோணலாக விழுந்தது. உரித்து மறுபடி ஒட்டினாள். கடிகாரத்தில் எந்த முள் எங்கே வரும்வரை என்று அவளே சொன்னாள். பாக்கெட்டக்கா சரி என்றாள்.

படம் வரைய உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "இப்ப உனக்கு நான் தெரியறேனா?"

"தெரியற. முன்னாடி உருவமாத்தான் தெரிஞ்ச. இப்ப முகம் தெரியுது. கிட்ட வந்தா இன்னும் நல்லாத் தெரியும்."

வாலு பென்சிலை நிறுத்திவிட்டு ஒற்றைக் கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

"இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி வரைய ஆரம்பித்தாள்.